கத்தி படாத கொய்யா

ஒரு புழுப் படத்துக்காகவா இத்தனை வருஷப் பழக்கத்தை உதறிவிட்டுப் பள்ளித் தோழர்கள் குழுவிலிருந்து வெளியேறினாய் என்று ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்டு அனுப்பியிருக்கிறீர்கள். ஒருத்தி, "உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்றுகூட விசாரித்திருந்தாள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் முழங்கால் போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற வயசு, வாசிக்க நேரம் கிடைக்கும். குழுவிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் பாதியில் ஒருவர் ரோஜாப்பூ படத்தைப் போட்டு இனிய காலை வணக்கம் என்பார், இன்னொருவர் சர்க்கரை வியாதிக்கு ஆவாரம்பூ என்பார். அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்தீர்கள். ஒரு இளைஞர் கண்ணை உருட்டிக்கொண்டு, "நீங்க ஆசையா சாப்பிடுற கொய்யாப்பழத்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா இனிமே அதைத் தொடவே மாட்டீங்க" என்கிறார். பழத்தை வெட்டுகிறார். புழு நெளிகிறது. பேய்ப் படத்துக்குப் போடுகிற சத்தம் பின்னால் ஓடுகிறது. ஈ எப்படி முட்டை வைக்கிறது, முட்டை எப்படிப் புழுவாகிறது என்று அவர் சொன்னதில் ஒரு பிழை கிடையாது. சொல்லி முடித்ததும் கையாட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குக் கீழே நீங்கள் வரிசையாகக் கைதட்டும் படம் போட்டிருந்தீர்கள். 'அருமையான அறிவியல் தகவல், எல்லோருக்கும் பகிரவும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்லோரும் ஆயக்குடியில் பிறந்து, கொய்யா விற்ற காசில் சிலேட்டு வாங்கிப் படித்தவர்கள்.

நாம் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷத்துக்குப் போகிறேன். ஞாபகம் இல்லை என்று நடிக்க வேண்டாம். அந்த வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த கூட்டத்தில் முன்வரிசையில் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது நீங்கள்தான்.

முதலில் சந்தை. விடிகிறதுக்குள் கூடைகள் வந்து இறங்கிவிடும். மஞ்சள் பாதி பச்சை பாதியாகப் பழம், அடியில் வேப்பிலை. ஒவ்வொரு தோப்புக்காரரும் தன் கூடை மாறிப்போகாமலிருக்க அதன் காதில் ஒரு நிறத் துணி முடிந்திருப்பார். மழைக்காலத்தில் அந்த இடம் முழுக்க ஒரு வாசம் அடிக்கும், பழுத்ததும் அழுகியதும் கலந்து. பழனிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் சட்டையிலிருந்தே நாம் எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தச் சந்தையில் கத்தி எடுக்கக் கூடாது. வாங்க வருகிறவர் பழத்தை மோந்து பார்க்கலாம், அமுக்கிப் பார்க்கலாம், ஒன்றைக் கடித்தும் பார்க்கலாம். கடித்த இடத்தில் புழு இருந்தால் ஓரமாகத் துப்பிவிட்டு வேறு பழம் எடுத்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்து சொல்வது மரியாதை இல்லை. வெட்டிப் பார்ப்பது அதைவிடப் பெரிய அவமானம். எவனாவது வெளியூர்க்காரன் மடியிலிருந்து கத்தியை எடுத்தால், விற்கிறவர் கூடையை இழுத்துக்கொள்வார். மழைக்காலக் காய்ப்பில் எந்தத் தோப்பிலும் புழு உண்டு என்பது நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். வெட்டிக் காட்டாத புழு புழுவே இல்லை என்பது ஊர்ச் சட்டம். இதைப் பெரிய நாணயம் என்று நம் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இனி அத்தை. அப்பாவுக்குத் தங்கை. கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்க முடியாமல் திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அவள் முழங்கைக்கு மேலே இருந்த சூட்டுத் தழும்பைப் பார்த்து நானாகப் புரிந்துகொண்டேன். தாத்தா சாகும்போது ஓடைப் பக்கத்துச் சிறிய தோப்பை அவள் வைத்துப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பத்திரமெல்லாம் இல்லை, வாய்ச்சொல்தான். அதனால் தோப்பு விளைகிற வரைக்கும் அது அத்தையுடையது. விளையவில்லை என்றால் அப்பாவுடையது. தோப்புக்குள்ளேயே ஓடு போட்ட ஒரு சாய்ப்பில் அவள் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தாள்.

அப்பா வாரம் ஒருமுறை அங்கே போய் மரங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வார்: "ஒன்னால முடியலேன்னா சொல்லிரு புள்ள. அண்ணன் வீட்ல ஒரு தட்டுச் சோறு இல்லாமயா போகும்?"

"இருக்கட்டும்ணே" என்பாள் அத்தை.

கேட்பவர்களுக்கு அது பாசமாகத்தான் தெரியும். எங்கள் வீட்டில் அந்த ஒரு தட்டுச் சோறு எப்படிப் போடப்படும், அதோடு என்னென்ன சேர்த்துப் பரிமாறப்படும் என்று அத்தைக்குத் தெரியும். அந்தச் சோற்றுக்குப் பயந்துதான் அவள் வெள்ளனே எழுந்து, ஆள் வைக்காமல் தானே பறித்து, தானே கூடை சுமந்து, சிவப்புத் துணி முடிந்த அந்தக் கூடையைச் சந்தையில் முதல் ஆளாக இறக்கினாள். பழனி பஸ் ஸ்டாண்டு பக்கம் பழக்கடை வைத்திருந்த பாய், சிவப்புத் துணிக் கூடை காலியான பிறகுதான் அடுத்த கூடையைப் பார்ப்பார்.

அந்த மழைக்காலத்தில்தான் லென்ஸ்காரர் வந்தார். கொடைக்கானலில் குடியிருந்தவர். விஞ்ஞானப் புதுமைகளைப் பாமர ஜனங்களுக்குக் கொண்டு சேர்ப்பதே தன் வாழ்க்கை என்று ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பழைய ஜீப், அதில் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் பஞ்சு சுற்றிய கண்ணாடிக் குழல்கள், லென்ஸும் பித்தளை மூடியும் போட்ட ஒரு பெரிய விளக்கு. ஆயக்குடிப் புழுக்கத்திலும் கம்பளிக் கோட்டைக் கழற்றவில்லை. வேர்வை காதோரம் வழிந்தது. கோட்டைக் கழற்றினால் விஞ்ஞானம் கொஞ்சம் குறைந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். தலைமை ஆசிரியருடைய பச்சைக் கரை வேட்டியை இரண்டு கம்புக்கு நடுவில் கட்டித் திரையாக்கினார்கள். கொய்யாக்காரர்கள் ஊராயிற்றே, வருகிற விருந்தாளிக்கு மாலைக்குப் பதில் தாம்பாளத்தில் ஒரு பழம் வைத்துத் தருவது வழக்கம். அந்த வருஷம் முந்திப் பழுத்தது அத்தை தோப்பு. ஊர்த்தலைவர் அத்தையைத் தரச் சொன்னார். எங்கள் வீட்டுத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து, இருக்கிற பழத்திலேயே பார்வையான ஒன்றை எடுத்து வைத்து, அத்தை மேடையேறிக் கொடுத்தாள். அதை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

லென்ஸ்காரர் கோட்டுப் பையிலிருந்து கத்தியை எடுத்தார்.

கூட்டம் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. "இந்த அம்மா குடுத்த பழத்துக்குள்ள ஒரு உலகமே இருக்கு. பாக்கலாமா? லைட்டை ஆஃப் பண்ணுங்க" என்றார். வெட்டினார். "ஆகா, வந்துட்டாருய்யா ஹீரோ!" என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். ஒரு குச்சியால் புழுவை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் விட்டு விளக்குக்கு முன்னால் வைத்தார்.

வேட்டியில் ஒரு கன்றுக்குட்டி அளவுக்குப் புழு எழுந்தது. காற்றில் வேட்டி அசைய, புழு நம்மைப் பார்த்து நீந்தி வந்தது. உள்ளே ஏதோ துடித்தது. வாயில் கறுப்பாக இரண்டு கொக்கி. பெண்கள் அலறினார்கள், ஆண்கள் சிரித்தார்கள், நீங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தீர்கள். அவர் நன்றாகத்தான் பேசினார், அதை மறைக்க மாட்டேன். தாய் ஈ பழத்தோலைத் தன் வாலால் குத்தி உள்ளே முட்டை வைப்பதையும், புழு பழத்தோடு விழுந்து, துள்ளிக் குதித்து மண்ணுக்குள் போய், கூடு கட்டி, ஈயாக முளைத்து வருவதையும் அவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு வார்த்தை பொய்யில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வெறும் தாம்பாளத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அத்தை மேடை ஓரத்திலேயே நின்றிருந்தாள். அவளை இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் சந்தையில் சிவப்புத் துணிக் கூடைக்கு முன்னால் ஒருவரும் நிற்கவில்லை. பக்கத்துக் கூடைகள் காலியாயின. அதே மழை, அதே ஈ, அதே ஓடைத்தண்ணீர் குடித்த மரங்கள். ஆனால் வெட்டப்பட்டது அத்தையின் பழம் மட்டும். நம் ஊர் அறிவாளிகள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட விஞ்ஞானம் அவ்வளவுதான். ஒரு வாரத்தில் 'புழுத்தோப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தது பெரியவர்கள், தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனது நீங்கள்.

அத்தை கூடையைத் தூக்கிக்கொண்டு பழனிக்கே போனாள், நானும் கூடப் போனேன். பாய் எங்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். கூடையைப் பார்க்கவே இல்லை.

"பழத்த நான் குத்தம் சொல்லல தங்கச்சி. ஒங்க பழம் எனக்குத் தெரியாதா?"

"பெறகென்ன பாய்?"

"வர்றவன் கேக்குறானே, புழுத்தோப்புப் பழமான்னு. இல்லேன்னு நான் பொய் சொல்லணும். எனக்கு எதுக்கும்மா அந்தப் பாவம்?"

கூட்டம் நடந்து முடிந்த மறுநாளிலிருந்து அவர் கடையில் அடுக்கியிருந்தது அடுத்த தோப்புப் பழம். அதில் ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. பாவத்துக்குப் பயந்த மனிதர் ஒரு விசிறியால் அவற்றை ஓட்டிக்கொண்டே எங்களிடம் பேசினார்.

அப்பா வழக்கமான வாரம் ஒருமுறை என்பதை விட்டு அடிக்கடி தோப்புக்குப் போக ஆரம்பித்தார். மரங்களைப் பார்க்கிற பார்வையே மாறியிருந்தது. "முடியலேன்னா சொல்லு புள்ள" என்பதோடு, "ஊரு வாய மூட முடியுமா?" என்பதும் சேர்ந்துகொண்டது.

ஒருநாள் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானலுக்குப் பஸ் ஏறினாள். எதற்கு என்று வீட்டில் சொல்லவில்லை. மலைப்பாதையில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அத்தை எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்தபடி, தனக்குத்தானே எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவரிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்க்கிறாள் என்று கொஞ்சம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. மேலே இறங்கியதும் மூஞ்சியில் பனிமூட்டம் அடித்தது. தைல மரத்து வாசம். இரண்டு பேரும் ஒரே சேலை முந்தானைக்குள் நடுங்கிக்கொண்டு, பஜாரில் வழி கேட்டு அவர் வீட்டைக் கண்டுபிடித்தோம்.

அவர் சந்தோஷமாக வரவேற்றார். டீயும் கிரீம் பிஸ்கட்டும் கொடுத்தார். எதற்கு வந்தோம் என்று கேட்பதற்கு முன்னாலேயே என்னை நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்து ஈயின் கண்ணைக் காட்டினார். ஆயிரம் சிவப்புக் கல் பதித்த மாதிரி இருந்தது. "வொண்டர்ஃபுல், இல்ல?" என்றார். நான் ஆமாம் என்றேன், அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒத்திகை பார்த்ததைச் சொன்னாள். "சார், எல்லாத் தோப்புலயுந்தான் புழு கெடக்கு. நீங்க அன்னைக்கு யார் பழத்த வெட்டியிருந்தாலும் வந்திருக்கும். அத மட்டும் எங்க ஊருல வந்து ஒரு வார்த்த சொல்லணும். ஒரே ஒரு வார்த்த."

"அதுல என்னம்மா டவுட்டு? மழை சீசன்ல எந்தக் கொய்யாவுலயும் வரும். நேச்சர்!"

"அதத்தான் சார் சொல்லணும்."

"சொல்றேன், கட்டாயம் சொல்றேன். நிலாவப் பத்தி ஒரு ஷோ ரெடி பண்ணிட்டிருக்கேன். உங்க ஊருக்குத்தான் முதல்ல கொண்டு வரப்போறேன். அப்ப சொல்லிடலாம்."

அத்தைக்கு முகம் தெளிந்தது. எழுந்திருக்கும்போதுதான், வந்ததோடு இதையும் கேட்டு வைப்போம் என்பதுபோலக் கேட்டாள். "இத ஒழிக்க மருந்து ஏதும் உண்டா சார்?"

"மருந்தே வேணாம்மா. ரொம்ப சிம்பிள். கீழ விழுற பழத்தை அன்னன்னைக்கே பொறுக்கி, ரெண்டடி ஆழத்துல புதைச்சு, மண்ணை நல்லா மிதிச்சு விட்டுடணும். அவ்வளவு ஆழத்துல இருந்து ஈ வெளிய வர முடியாது. ஊர்ல எல்லாரும் செஞ்சா ரெண்டு மூணு சீசன்ல முக்காவாசி போயிடும்."

அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "இத ஏன் சார் அன்னைக்குக் கூட்டத்துல சொல்லல?"

அவர் மனசு விட்டுச் சிரித்தார். "குழி தோண்டுறதப் பத்திப் பேசினா யாரும்மா உக்காருவா? எந்திரிச்சுப் போயிடுவாங்க. ஜனங்களுக்கு முதல்ல ஒரு த்ரில் வேணும். ஆர்வத்தை உண்டாக்கிட்டா மத்ததை அவங்களே தேடிப் படிச்சுக்குவாங்க."

தேடிப் படித்துக்கொள்வார்களாம். அத்தைக்குத் தன் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஊரில் இருந்த வாசகசாலையில் தினத்தாள் ஒன்று வரும், அதில் வடை மடித்துவிடுவார்கள். கையில் மருந்தை வைத்துக்கொண்டு வியாதியை மட்டும் வர்ணித்துவிட்டுக் கைதட்டல் வாங்கிப் போகிற மனிதரை என்னவென்று சொல்வது? அவர்மேல் எனக்கு இன்று கோபம்கூட இல்லை. கோபப்படுகிற அளவுக்கு அவர் பெரிய ஆள் கிடையாது. இளக்காரம்தான் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் அத்தை கடப்பாரையை எடுத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் பழம் பொறுக்குவேன். பிசுபிசுவென்று கையில் ஒட்டும். புளித்த வாடை சோற்றில்கூட அடிக்கும். கூடைக்குள் புழுக்கள் துள்ளி என் பாவாடையில் விழும். அத்தை இடுப்பளவுக் குழியில் நின்று, நான் கொட்டுவதை வாங்கி, மண்ணைத் தள்ளி, மேலே ஏறி நின்று மிதிப்பாள். பக்கத்துத் தோப்புக்காரர்களிடமும் போய்ச் சொன்னாள். "எங்க தோப்புல புழு இல்ல தாயி, ஒனக்குத்தான அந்தச் சோலி" என்று ஒருவர் சிரித்தார். அவர் தோப்பில் கால் வைத்த இடமெல்லாம் அழுகின பழம் மிதிபட்டது.

பனிக்காலக் காய்ப்பு வந்தது. அத்தை சாய்ப்புக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பழங்களை வெட்டிப் பார்த்தாள். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் சுத்தம். பனிக்காலத்தில் புழு தானாகவே குறையும் என்று பின்னாளில் எனக்குத் தெரிந்தது, எவ்வளவு குழியால் எவ்வளவு பனியால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அத்தை குழியைத்தான் நம்பினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "ஏ பாப்பா, அந்த ஆளு வந்து ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னா போதும்" என்றாள். அப்பாவிடம் இந்தக் காய்ப்பு முடிகிறவரை தவணை வாங்கியிருந்தாள். இதிலும் பழம் தேங்கினால் தோப்பை விட்டுவிட வேண்டும்.

லென்ஸ்காரர் நிலாவோடு வந்தார். அதே மைதானம், அதே வேட்டி. இந்த முறை வேறொரு தோப்புக்காரர் பழம் கொடுத்தார். யாரோ வழக்கத்தை லென்ஸ்காரர் காதில் ஓதியிருக்க வேண்டும். அவர் அதை வெட்டவில்லை, கண்ணில் ஒற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். கூட்டம் அதற்கே கைதட்டியது.

அத்தை பெட்டியிலிருந்த ஒரே பட்டுச்சேலையைக் கட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் கை அவள் கைக்குள் இருந்தது. நிலாவின் பள்ளங்கள் வேட்டியில் வந்தன, அங்கே மனிதன் இறங்கி நடந்தது வந்தது, அங்கே ஆள் எடை குறையும் என்றார், ஊர்த்தலைவரை வைத்துக் கேலி செய்தார், எல்லோரும் உருண்டு புரண்டு சிரித்தார்கள். ஒவ்வொரு படம் மாறும்போதும் அத்தையின் பிடி இறுகியது. விளக்கைப் போட்டார்கள். அவர் பெட்டியை மூடப் போனார். அப்போதுதான் அத்தையைப் பார்த்தார்.

"அட! நம்ம புழு அம்மா!" என்றார். "எந்திரிங்கம்மா, எல்லாரும் பாக்கட்டும். இந்த அம்மா பழம் மட்டும் இல்லேன்னா எனக்கு அன்னைக்கு ஷோவே கிடையாது. இப்ப எந்த ஊருக்குப் போனாலும் இந்தப் புழுக் கதையத்தான் கேக்குறாங்க. விஞ்ஞானத்துக்கு இவங்க செஞ்ச தொண்டுக்கு எல்லாரும் ஒரு பலமான கைதட்டு குடுங்க!"

கொடுத்தீர்கள். அத்தை எழுந்து நின்று, "சார், அந்த ஒரு வார்த்த..." என்று ஆரம்பித்தாள். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது, குரல் எனக்கே கேட்கவில்லை. கைதட்டல் நிற்பதாக இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாப் பக்கமும் திரும்பிக் கும்பிட்டாள்.

ஜீப் வரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினோம். "அடடா, மறந்தே போச்சேம்மா" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். உண்மையாகவே மறந்துதான் போயிருந்தார். "நெக்ஸ்ட் டைம் கண்டிப்பா" என்றார். வண்டி பெரியார் நகர் மேட்டில் ஏறி மறைந்தது. அவர் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போன கொய்யாவில் என்ன இருந்தது என்று அவராவது வெட்டிப் பார்த்தாரோ என்னவோ.

மறுநாள் சந்தையில் அத்தை கத்தியை எடுத்தாள். தன் கூடைப் பழத்தைத் தானே எடுத்து, போகிறவர் வருகிறவர் முன்னால் நீட்டி, வெட்டிப் பிளந்து காட்டினாள். "பாருங்க, பாருங்க சாமி, ஒரு புழு இல்ல." வெள்ளை வெளேரென்று சதை. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. "நல்ல பழமாப் பொறுக்கி மேல வச்சிருக்கா" என்றார் ஒரு வியாபாரி. "பொம்பள சந்தையில கத்தி எடுக்குறாளே, வெக்கங்கெட்டவ" என்றாள் இன்னொருத்தி. கூடை முழுவதையும் வெட்டி முடித்தாள். வெட்டிய பழங்கள் வெயில் ஏற ஏறக் கறுத்துப் போயின. அப்பா வந்து கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு அவளை வீட்டுக்கு அழைத்து வந்தார். அம்மா ஒரு தட்டுச் சோறு போட்டாள்.

அதற்குப் பிறகு அத்தை எங்கள் அடுப்படியில்தான் இருந்தாள். கூடைக் காதிலிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து, உலை இறக்கக் கரித்துணியாக வைத்துக்கொண்டாள். தோப்பை அப்பா எடுத்துக்கொண்டார். "குழி தோண்ட எனக்கென்ன கிறுக்கா?" என்று அவர் அந்த வேலையை நிறுத்திவிட்டார். அடுத்த மழைக்காலத்தில் அதே மரத்துப் பழம், புழுவும் பூச்சியுமாக, எங்கள் வீட்டு நீலத் துணிக் கூடையில் சந்தைக்குப் போனது. வாங்கினவர்கள் கடித்தார்கள், ஓரமாகத் துப்பினார்கள், வேறு பழம் எடுத்துக்கொண்டார்கள். பாய், "அண்ணே, ஒங்க தோப்புப் பழம்னாத் தனி ருசிதான்" என்றார். அப்பா இதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தபோது அத்தைதான் அவருக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அதில் சங்கடம் எதுவும் தெரியவில்லை.

இப்போது குழுவுக்கு வருகிறேன். அந்தக் காணொளிக்குக் கீழே, உங்கள் கைதட்டல்களுக்கெல்லாம் கீழே, நான் இரண்டு வரி எழுதினேன். விழுந்த பழத்தை என்ன செய்ய வேண்டும் என்று இந்தத் தம்பி சொல்லவில்லையே, ரெண்டடி ஆழத்தில் புதைத்தால் புழு குறையும் என்று எழுதினேன். நீங்கள் எல்லோரும் படித்ததற்கு அடையாளம் விழுந்தது. அப்புறம் ஒருவர், அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்தான், கேட்டார்: 'ஏய், உங்க அத்தை தோப்புதானே அந்தப் புழுத்தோப்பு?'

அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள். அதற்கும் கீழே கைதட்டல்.

காணொளிக்காக நான் வெளியேறவில்லை. அந்தத் தம்பிக்கு அத்தையைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவள் எங்கள் அடுப்படியிலேயே செத்துப்போனாள், சாவுக்கு உங்களில் பாதிப்பேர் வந்து மாலை போட்டீர்கள். அவள் பெயர் என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் வராது. புழு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

விழுந்த பழத்தை அன்றன்றைக்கே பொறுக்க வேண்டும். ரெண்டடி ஆழத்தில் புதைத்து மண்ணை நன்றாக மிதித்துவிட வேண்டும். எல்லோருக்கும் பகிரவும்.